சொல்லக் கூடாத நான்கு விரல்கள்

கையுறை பத்து அவுன்ஸ் என்பதில் தகராறு இல்லை. ரிங் பதினெட்டு அடியா இருபது அடியா என்பதில் ஒரு முழு நாள் போயிற்று. கடைசியில் இருபது என்று முடிந்தது. யார் முதலில் மேடைக்கு நடந்து வருவது, யார் படம் போஸ்டரில் இடப்பக்கம், தோற்றவனுக்கு மறுசண்டை உண்டா, உண்டென்றால் எத்தனை மாதத்துக்குள் என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்துவிட்டு, எழும்பூர் ஓட்டலின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் மூன்றாவது நாள் காலை பதினொரு மணிக்குப் பரிசுப் பணத்தின் பங்குக்கு வந்தார்கள்.

பேசியவர்கள் இரண்டே பேர். குத்துச்சண்டை வீரன் ஆரோனின் தரப்பில் அவன் தங்கை சலோமி. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் எட்டு வருடமாக வேலை பார்ப்பவள். தேங்கிக் கிடக்கும் கண்டெய்னருக்குப் போட்ட அபராதத்தைப் பேசிப் பேசிப் பாதியாக்குவது அவள் தொழில். மேனேஜர் வைக்க வசதியில்லாத காலத்தில் அண்ணனுக்காகப் பேசத் தொடங்கியவள், வசதி வந்த பிறகும் அந்த நாற்காலியை விடவில்லை.

எதிரே சென்னியப்பன். ஆசிய ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருக்கும் உஸ்பெக் வீரன் ரவ்ஷானுக்காகவும், சண்டையை நடத்தும் கம்பெனிக்காகவும் சேர்த்துப் பேசுபவர். இருபது வருடம் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

அவர் டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"எழுபத்தி நாலு, இருபத்தி ஆறு. நான் போட்டதில்லீங்க அம்மிணி. பாக்ஸிங் ஆணையத்து மெஷின் போட்டது."

"மெஷின் இன்னா சார், எங்க அண்ணன் வாங்கப் போற அடியைப் பாத்துச்சா?"

"பாத்துச்சுங்க. ரெண்டு பேரையும் உள்ளுக்குள்ளயே பத்தாயிரம் தடவை மோதவுட்டுப் பாத்துச்சு. சராசரியா ரவ்ஷானுக்கு எட்டரை போவுது. உங்கண்ணனுக்கு மூணு."

எட்டரை, மூன்று என்பது மூளையின் கணக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரிங்குக்குள் விழுந்த ஒருவன் எழாமலே போனான். அதன் பிறகு சட்டம் வந்தது. நட்சத்திர மதிப்பை வைத்துப் பரிசுப் பணத்தைப் பிரிக்கக் கூடாது. சண்டையில் யார் மூளை எவ்வளவு இழக்குமோ அந்த விகிதத்தில்தான் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஆணையத்தில் வெகுநாளாகவே ஒரு எண் உண்டு. நினைவு, கவனம், கை வேகம் மூன்றையும் சோதித்துப் போடும் எண். வீரர்கள் அதை 'மிச்சம்' என்பார்கள். ரவ்ஷானின் மிச்சம் தொண்ணூற்று மூன்று. ஆரோனுடையது அறுபத்திரண்டு.

"அடி வாங்கப் போறது எங்காளு. கம்மியாப் போவுறதும் எங்காளுக்கா?"

"இருக்கிறதுலதானுங்க போகும். நிறைஞ்ச டேங்க்ல ஓட்டை விழுந்தா பீச்சியடிக்கும். கால் டேங்க்ல சொட்டும்."

"அப்ப நெலம் எடுக்கற மாதிரி நஞ்சைக்கு ஒரு ரேட்டு, தரிசுக்கு ஒரு ரேட்டு. அதே ரோட்டைத்தான் ரெண்டு மேலயும் போடப் போறீங்க."

"இந்தச் சட்டம் வேணும்னு ஊர்வலம் போனது நீங்கதானுங்களே?"

போனது உண்மை. சேப்பாக்கத்து வெயிலில் அட்டை பிடித்து நின்றவர்களில் சலோமியும் ஒருத்தி. அதிகம் இழப்பவனுக்கு அதிகம் என்று அட்டையில் எழுதியிருந்தது. யாரிடம் இழக்க அதிகம் இருக்கிறது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் கேட்டது நாற்பத்தைந்து. இதுதான் கடைசிச் சண்டை என்று அண்ணனும் தங்கையும் பேசி வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வந்தால் ஆரோன் அதன் பிறகு ஒரு குத்துகூட வாங்க வேண்டியதில்லை. இருபத்தாறு என்றால் இன்னும் மூன்று, நான்கு சண்டை. அவளைப் பொறுத்தவரை பங்கு பணமல்ல. அவன் தலையில் இனி விழப்போகும் குத்துகளின் எண்ணிக்கை.

"அந்த அறுபத்திரண்டு பொய் சார்," என்றாள்.

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "முத டெஸ்ட்ல வேணும்னே கோட்டை வுட்டிருக்காரு."

"எல்லாரும் வுடறதுதான். முத மார்க்ல இருந்து பதினஞ்சு கொறைஞ்சா லைசன்ஸ் போயிடும். முதல்லயே கம்மியா எடுத்துட்டா, அப்புறம் நெஜமாவே அடிபட்டாலும் கொறைஞ்ச மாதிரி தெரியாது. எங்க பக்கத்துப் பசங்க அத்தினி பேரும் பண்ணது."

"வருசா வருசம் அறுபத்தி ஒண்ணு, அறுபத்தி மூணுன்னே வந்திருக்குதுங்களே?"

"திடீர்னு தொண்ணூறு எடுத்தா மாட்டிக்குவோம்ல? அதான் அப்டியே மெயின்டெயின் பண்ணான்."

அவர் சிரித்தார். "பதினோரு வருசமா மந்தமா நடிச்சிருக்காரு. ரவ்ஷானைவிடப் பெரிய ஆளுங்க." பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னார்: "மறுஅளவு கேளுங்க. கையெழுத்துக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கேக்கலாம். தொண்ணூறு வந்துதுன்னா நாப்பத்தஞ்சு தர்றேன். பொய் மார்க்குக்கு ஐம்பதாயிரம் ஃபைன் போடுவாங்க, அதைக் கம்பெனி கட்டிக்கும்."

"உங்களுக்கு இன்னா லாபம்?"

"டிவிக்காரன் தேதி வாங்கிப்போட்டானுங்க. பன்னண்டு ரவுண்டு நிக்கற ஆளு இந்தப் பக்கத்துல உங்கண்ணன் ஒருத்தருதான்."

*

அந்த நடிப்பைச் சொல்லிக் கொடுத்தவள் சலோமிதான்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ. ஆரோனுக்குப் பத்தொன்பது. சோதனையில் பத்துச் சொற்களைக் காதில் போடுவார்கள். கால் மணி நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கை மறந்துவிடு என்றார் கோச். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது எந்த நான்கை மறக்க வேண்டும் என்பதை ஆரோன் மறந்தான். பத்தையும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவ்வளவு நல்ல ஞாபகம்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். விரலுக்கு ஒரு சொல். இடது சுண்டுவிரலில் தொடங்கி வலது சுண்டுவிரலில் முடிய வேண்டும். இடது கையில் சுண்டுவிரலும் நடுவிரலும், வலது கையில் கட்டைவிரலும் மோதிரவிரலும் வாயைத் திறக்கக் கூடாது. மற்ற ஆறும் பேசலாம். "ஆறுதான் வரணும். அஞ்சும் கூடாது, ஏழும் கூடாது," என்று பேனாவால் அந்த நான்கு நகங்களிலும் புள்ளி வைத்துப் பழக்கினாள். நான்கு நாளில் பழகிக்கொண்டான்.

ஓட்டலில் பங்கு பேசிய அன்று மாலை தண்டையார்பேட்டை ஜிம்முக்குப் போனாள். பயிற்சி முடித்து, கைக்கட்டுத் துணியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான் ஆரோன். நூற்றெட்டுக் கிலோ. பெஞ்சு முழுவதும் அவனே இருந்தான்.

"நாளைக்கு நடிக்காத. நெஜமாப் பண்ணு."

"பத்தும் சொல்லலாமா?"

"பத்தும் சொல்லு."

"சுண்டுவெரலையும்?"

"சுண்டுவெரலையும்."

"பாவம், பதினோரு வருசமா வாய மூடிக்கினு கெடந்துச்சு," என்றான். துணியைக் கடைசிச் சுற்று அவிழ்த்துவிட்டுத் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எவ்ளோ வரணும்?"

"தொண்ணூறு வந்தா நாப்பத்தஞ்சு தர்றாராம்."

"தொண்ணூறா." அவிழ்த்த துணியை மடித்துப் பெஞ்சில் வைத்தான். பிறகு அவள் தலையில் ஈரக் கையால் ஒரு தட்டுத் தட்டினான். "ஸ்கூல்ல நீதான் ஃபர்ஸ்ட் ரேங்க். நான் எடுத்தா தாங்குவியாடி?"

*

பெரியமேட்டில் ஆணையத்தின் அலுவலகம். சோதனை அறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே நடப்பது தெரியும், கேட்காது. ஆரோன் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். விளக்கு எரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினான். டெக்னீஷியன் பெண் ஏதோ கேட்க, அவன் உதடு அசைந்தது. இரண்டு முறை அவன் கூரையைப் பார்த்தான். சலோமி வெளியே நின்று அலுவலக போனில் வந்த இரண்டு கண்டெய்னர் விவகாரங்களைத் தீர்த்தாள்.

முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்தான். "தூள் கெளப்பிட்டேன்," என்றான்.

பின்னாலேயே தாளோடு வந்த பெண் சலோமியின் கையில் கொடுத்தாள். ஐம்பத்தொன்பது.

"நார்மல்தான் மேடம். பழைய மார்க்கோட ஒத்துப் போகுது. லைசன்ஸுக்குப் பிரச்சினை இல்ல."

"இது நெஜம். முன்ன எடுத்ததெல்லாம் பொய்," என்றாள் சலோமி.

"எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க, பங்கு பேசற நேரத்துல." அவள் எரிச்சலாகச் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட உள்ளே போய்விட்டாள்.

ஆரோன் தாளை எட்டிப் பார்த்தான். "அட," என்றான். பிறகு, "பழக்கம்டி. பதினோரு வருசம். வாய் தானா மூடிக்குது. நான் இன்னா பண்ண?"

இருக்கும் என்று சலோமி நினைத்தாள். இருக்கத்தான் வேண்டும். அவனைக் கேன்டீனில் இரண்டு பஜ்ஜியோடு உட்கார வைத்துவிட்டு, பக்கத்து மேசையில் கோப்பைப் பிரித்தாள். ஒவ்வொரு வருடத் தாளையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் கீழே இருக்கும் மொத்தத்தைப் பார்ப்பாள், சரி என்று கோப்பில் போடுவாள். ஒரு தாளை இன்னொரு தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

வைத்துப் பார்த்தாள். பத்துச் சொற்கள், சொன்னதற்கு எதிரே டிக், சொல்லாததற்கு எதிரே வெறுமை. முதல் ஏழு தாள்களில் ஒன்று, மூன்று, ஆறு, ஒன்பது வெறுமையாக இருந்தன. அவள் புள்ளி வைத்த விரல்கள். அச்சடித்த மாதிரி ஏழு வருடம்.

எட்டாவது தாளில் ஒன்றாவது சொல்லுக்கு டிக் இருந்தது. ஐந்தாவது சொல்லைக் காணவில்லை. ஒன்பதாவது தாளில் ஒன்றும் ஒன்பதும் இருந்தன; நான்கும் ஏழும் இல்லை. பத்து, பதினொன்றிலும் அப்படியே இடம் மாறி மாறி. மொத்தம் மட்டும் மாறவில்லை. ஆறு, ஆறு, ஆறு, ஆறு.

இன்றைய தாளை எடுத்தாள். பழக்கம் என்றால் முதல் சொல் விடுபட்டிருக்க வேண்டும். முதல் சொல் இருந்தது: குடை. இரண்டாவது இருந்தது: சாவி. ஒன்பதாவதும் பத்தாவதும் இருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லை. கீழே 'பட்டியலில் இல்லாதவை' என்ற தலைப்பில் இரண்டு சொற்கள் அச்சாகியிருந்தன. கடல். படகு. யாரும் அவனிடம் சொல்லாத சொற்கள்.

பக்கத்து மேசையில் ஆரோன் சட்னி கேட்டுக்கொண்டிருந்தான். பரிமாறுகிறவரோடு ஏதோ சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. சலோமி தேதி வாரியாகத் தாள்களை அடுக்கி, மறுபடி கோப்பில் கோத்தாள். நாடாவைக் கட்டும்போது முடிச்சு முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது.

*

பகல் மூன்று மணிக்கு ஓட்டலுக்குத் திரும்பினார்கள். ஆரோனைக் கீழே வரவேற்பறைச் சோபாவில் விட்டுவிட்டு அவள் மட்டும் மேலே போனாள்.

"வந்துதுங்க," என்றார் சென்னியப்பன். முடிவு அவருக்கும் போயிருந்தது. "வருத்தந்தானுங்க. உங்களுக்காவ இருபத்தெட்டாப் போட்டுக்கறேன். மேல கம்பெனி வுடாது."

சலோமி நாடாவை அவிழ்த்து, பன்னிரண்டு தாளையும் அவர் முன்னால் வரிசையாகப் பரப்பினாள்.

பனியன் தொழிலில் அவர் பார்த்த தாள்கள் இதே மாதிரிதான். எந்தத் தையலில் பிழை, எந்த மெஷினில் பிழை என்று டிக் போட்ட தாள்கள். எழுந்து நின்று இடமிருந்து வலமாகப் பார்த்தார். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் விரலை வைத்து நிறுத்தினார்.

"மத்ததை மறந்தாலும் முத சொல்லை மறக்கறவன் உலகத்துல இல்லீங்க. அதைப் போய் ஏழு வருசம் மறந்திருக்காரு. யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்."

"இதுல இருந்து?" விரல் எட்டாவது தாளுக்கு நகர்ந்தது.

"அது நான் சொல்லிக் குடுக்கல."

சென்னியப்பன் உட்கார்ந்தார். "ஆணையத்துல இதைப் பாக்கலீங்களா?"

"மெஷின் மொத்தத்தை மட்டும்தான் பாக்கும். நானும் அதைத்தான் பாத்தேன்."

"இதை வெளிய காட்டுனா என்ன ஆவும்னு தெரியுமுங்களா அம்மிணி? ஆரம்ப மார்க் செல்லாது. லைசன்ஸ் போயிரும். பொய் லைசன்ஸ்ல சம்பாரிச்சதுன்னு பழசையெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. உங்க மேல கேசு வரும்."

"தெரியும் சார்."

அவர் பேனாவை எடுத்தார். ஒப்பந்தத்தில் இருபத்தாறு என்றிருந்ததை அடித்து, மேலே நாற்பத்தைந்து என்று எழுதி, சின்னக் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா விகிதத்தை மாத்திக்கலாம்னு ஒரு பிரிவு இருக்குதுங்க. யாரும் இதுவரைக்கும் அதைத் தொட்டதில்லை. தேதி போயிருச்சுன்னா எனக்கு நஷ்டம் இதைவிட ஜாஸ்தி. தாளுக இங்கயே இருக்கட்டும்."

நேற்று முதல் அவள் கேட்ட எண். தாளில் மை இன்னும் காயவில்லை.

"ரவ்ஷானுக்கு எட்டரை போவும்னீங்க," என்றாள் சலோமி. "இந்தத் தாளையும் சேத்துக் கணக்குப் போட்டா எங்க அண்ணனுக்கு எவ்ளோ போவும்?"

"மெஷின்கிட்டக் கேட்டா சொல்லிப்போடுமுங்க," என்றார் சென்னியப்பன். கண்ணாடியை மறுபடி துடைத்தார். "நாம கேக்க வேண்டாம்."

அவள் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அவர் தடுக்கவில்லை.

"ஒரு மணி நேரம் குடுங்க சார்."

"எடுத்துக்குங்க. டீ சொல்லட்டுமா?"

"வேணாம்."

*

ஆரோன் சோபாவில் உட்கார்ந்தபடி மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"இன்னாச்சு?"

"நாப்பத்தஞ்சு போட்டுட்டாரு."

"அடி சக்கை. ஐம்பத்தொம்போதுக்கேவா?" அவள் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த கோப்பைப் பார்த்தான். "அப்ப கையெழுத்து?"

"அதுக்கு முன்ன ஆணையத்துல ஒரு பேப்பர் குடுக்கணும்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஆட்டோவில் பாதி இடத்துக்கு மேல் அவனே எடுத்துக்கொள்ள, அவள் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, மடியில் கோப்பை வைத்துக் கடிதம் எழுதினாள். பத்து வரி. பதினேழு வயதில் என்ன சொல்லிக் கொடுத்தேன், எந்த விரல்கள், எந்தத் தாள் வரை, எந்தத் தாளிலிருந்து மாறியிருக்கிறது. துறைமுகத்துக்கு எழுதும் கடிதங்களைப் போலவே வந்தது. ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது ஆரோன் தலையைச் சாய்த்து அந்தக் கடிதத்தை மேலிருந்து கீழே வரை படித்தான். அவள் மறைக்கவில்லை. சிக்னல் விழுந்தது; அவன் ரோட்டைப் பார்க்கத் திரும்பினான்.

ஆணையத்தின் தபால் பிரிவில் ஒரே ஒரு ஊழியர். கடிதத்தை வாங்கிப் பாதியில் நிறுத்தி, சலோமியை நிமிர்ந்து பார்த்தார்.

"யோசிச்சுதான் எழுதினீங்களா? வாங்கிட்டேன்னா இன்னிக்கே லைசன்ஸை நிறுத்தி வெச்சுருவாங்க. திருப்பித் தர முடியாதும்மா."

"தெரியும்."

"இணைப்பு எத்தனை?"

"பன்னண்டு தாள்."

எண்ணினார். கடிதத்தின் தலையிலும் அவள் வாசலில் எடுத்திருந்த நகலிலும் முத்திரை குத்தினார். நகலை அவளிடம் தள்ளினார்.

அவள் திரும்பினாள். ஆரோன் சுவரோரம் நின்றிருந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்து, அதற்குச் சொல்ல வேண்டியதை வழியிலேயே அடுக்கி வைத்திருந்தாள். அவன் கத்தவில்லை. ரொம்ப நேரம் நின்றுவிட்டு உட்கார இடம் கிடைத்தவனைப் போல இருந்தான்.

"நீ எட்டாவது பேப்பர்லயே கண்டுபுடிச்சிருவன்னு நெனச்சேன் சலோ," என்றான்.

அவள் நகலைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஆறுதான் வரணும்னு நீதான சொன்ன. அங்க போய் ஒக்காந்தா உன் வெரல் எதுவும் ஞாபகம் வரல. கெடைச்சத வெச்சு ஆறாக்கினேன். நாலு வருசம் ஆக்கினேன்." இடது கையை விரித்துப் பார்த்துவிட்டு மூடினான். "இந்த வருசம் ஆவல."